பாகம் ஒன்று என்று எழுதிவைத்த கடன்

1992-ல் டிரீம் தியேட்டர் என்ற அமெரிக்க பேண்ட் தன் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டது. பெயர் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’. அதில் ஒன்பதரை நிமிடம் ஓடும் ஒரு பாட்டுக்கு ‘மெட்ரோபொலிஸ் பார்ட் 1’ என்று தலைப்பு. பார்ட் 2 எழுதும் எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. கிட்டாரிஸ்ட் ஜான் பெட்ருச்சி விளையாட்டாக ஒட்டவைத்த சொல் அது. ரசிகர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பாகம் எங்கே என்று கேட்க ஆரம்பித்தவர்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் வர ஏழு வருடம் ஆனது. 1999 அக்டோபர் 26 அன்று ‘மெட்ரோபொலிஸ் பார்ட் 2: சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ வந்தது. ஒரு பாட்டாக அல்ல, 77 நிமிடம் ஓடும் ஒரு முழு ஆல்பமாக. ப்ராக்ரஸிவ் மெட்டல் என்ற, நீளமும் சிக்கலும் கொண்ட கனத்த ராக் இசையைக் கேட்கப் பழகுகிறவரிடம் இன்றும் முதலில் நீட்டப்படும் இரண்டு மூன்று ஆல்பங்களில் இது ஒன்று.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் ஒரே விளக்கத்தைச் சொல்வார்கள். இசை நிறுவனம் தலையிட்டுக்கொண்டிருந்தது, பேண்ட் எதிர்த்து நின்றது, நிறுவனம் கையை எடுத்ததும் நல்ல ஆல்பம் பிறந்தது. இதில் பாதி உண்மை. மறுபாதி இந்தக் கதையில் வில்லனாக நிற்கும் அதே நிறுவனம் இரண்டு வருடம் முன்பு சொன்ன ஒரு ‘வேண்டாம்’ என்றே நான் நினைக்கிறேன். அந்த மறுப்பு வராமல் போயிருந்தால் இந்த ஆல்பமே இருந்திருக்காது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு 1996-லிருந்து தொடங்க வேண்டும்.

வெட்டப்பட்ட இருபது நிமிடம்

டிரீம் தியேட்டர் 1985-ல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் உருவானது. பெட்ருச்சி, பேஸ் வாசிக்கும் ஜான் மியங், டிரம்ஸ் வாசிக்கும் மைக் போர்ட்னாய் மூவரும் அங்கே மாணவர்கள், மூவருமே நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியிலிருந்து வந்தவர்கள். ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ அவர்களே எதிர்பார்க்காத வெற்றி. அதன் முதல் பாட்டு ‘புல் மீ அண்டர்’ எட்டு நிமிடம் நீளம். அத்தனை நீளப் பாட்டை ரேடியோவில் போட மாட்டார்கள் என்பது அன்றைய விதி. அதையும் மீறி அது அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ராக் ரேடியோ வரிசையில் பத்தாவது இடம் வரை போனது. ஆல்பம் அமெரிக்காவில் கோல்டு சான்றிதழ் வாங்கியது.

இதிலிருந்து பேண்ட் ஒரு பாடம் கற்றது, நிறுவனம் வேறொரு பாடம் கற்றது. நீளமாக, சிக்கலாக வாசித்தாலும் கேட்க ஆள் இருக்கிறது என்று பேண்ட் நம்பியது. இன்னொரு ஹிட் இவர்களிடமிருந்து வரும், கொஞ்சம் சுருக்கி எளிமையாக்கினால் போதும் என்று நிறுவனம் நம்பியது. அடுத்த சில வருடங்களின் சண்டை எல்லாம் இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கு நடுவில் நடந்ததுதான்.

1996-ல் அடுத்த ஆல்பத்துக்காக அவர்கள் ஏராளமாக எழுதிக் குவித்தார்கள். இரண்டு சிடி அளவுக்குச் சரக்கு இருந்தது. அதில் ஒன்று, ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்த ‘மெட்ரோபொலிஸ் பார்ட் 2’. இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் டெமோவாக, அதாவது மாதிரியாக, பதிவும் செய்தார்கள். நிறுவனம் இரட்டை ஆல்பத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே சிடி, அதிலும் ரேடியோவுக்கு ஏற்ற பாட்டுகள் வேண்டும் என்றது. பெட்ருச்சி எழுதிய ஒரு பாட்டை, ஹிட் பாட்டுகளுக்குப் பெயர்பெற்ற டெஸ்மண்ட் சைல்டுடன் உட்கார்ந்து மாற்றி எழுதவைத்தார்கள். 1997-ல் ‘ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி’ வெளியானது. தயாரிப்பாளர் கெவின் ஷெர்லி. அந்த இருபது நிமிடம் அதில் இல்லை.

ஆல்பம் மோசம் என்று சொல்ல மாட்டேன். அதில் இரண்டு மூன்று அருமையான பாட்டுகள் இருக்கின்றன. ஆனால் யாரோ பின்னால் நின்று தோளைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும் கேட்கும்போது. எல்லோரையும்விட அதிகமாகச் சோர்ந்துபோனவர் போர்ட்னாய். ஒரு கட்டத்தில் பேண்டை விட்டே போய்விடலாம் என்ற நிலைக்கு வந்தார். கடைசியில் அவர் வைத்த நிபந்தனை எளிமையானது: அடுத்த ஆல்பத்தை நாங்களே தயாரிப்போம், யாரும் உள்ளே வரக் கூடாது, இல்லையென்றால் நான் இல்லை. நிறுவனம் ஒத்துக்கொண்டது. போர்ட்னாயும் பெட்ருச்சியும் தயாரிப்பாளர்கள் ஆனார்கள்.

கீபோர்டு நாற்காலி

இதற்கிடையில் இன்னொரு வேலை நடந்தது. போர்ட்னாய் ஒரு சிறிய நிறுவனத்துக்காக ‘லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட்’ என்ற தற்காலிகக் குழுவைச் சேர்த்தார். கிங் கிரிம்சன் பேண்டில் வாசித்த டோனி லெவின், பெட்ருச்சி, கீபோர்டில் ஜோர்டன் ரூடஸ். பாடகர் கிடையாது. ஸ்டுடியோவில் நேரே உட்கார்ந்து, சில நாட்களில் எழுதி வாசித்து முடித்தார்கள். 1998-ல் ஒரு ஆல்பம், 1999-ல் இன்னொன்று.

ரூடஸ் ஒன்பது வயதில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் சேர்ந்து மேற்கத்திய சாஸ்திரிய பியானோ கற்றவர். 1994-ல் டிரீம் தியேட்டரின் கீபோர்டு கலைஞர் கெவின் மூர் விலகியபோதே இவரைக் கேட்டார்கள். அப்போது அவர் வேறு குழுவைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அந்த இடத்துக்கு டெரிக் ஷெரினியன் வந்தார். இப்போது இந்தப் பக்கக் குழுவில் ரூடஸுக்கும் பெட்ருச்சிக்கும் கை பொருந்தியதைப் பார்த்த பிறகு, பேண்ட் ஒரு கடினமான முடிவு எடுத்தது. 1999 தொடக்கத்தில் ஷெரினியன் வெளியே அனுப்பப்பட்டார், ரூடஸ் உள்ளே வந்தார்.

ஷெரினியன் திறமையில் குறைந்தவர் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவருடையது ராக் கீபோர்டு, அழுத்தமும் முரட்டுத்தனமும் கொண்டது. ஆனால் அடுத்து வரவிருந்த ஆல்பத்துக்கு வேறொன்று தேவைப்பட்டது. ஒரே மெட்டைச் சோகமாகவும் வேகமாகவும் பழைய காலத்து நடன இசையாகவும் மாற்றிப் போடத் தெரிந்த, இசையமைப்புக் கல்வி ஊறிய ஒரு கை. 1996-ல் அந்த இருபது நிமிடம் வெளிவந்திருந்தால் இந்தக் கை அதில் இருந்திருக்காது.

பேர்ட்ராக்ஸில்

நியூயார்க் மாநிலத்தின் சஃபர்ன் என்ற சிற்றூரில் இருந்த பேர்ட்ராக்ஸ் ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் போனார்கள். ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ பதிவானதும் அங்கேதான். முதல் பாகம் பிறந்த அதே சுவர்களுக்குள் இரண்டாம் பாகம்.

முதலில் திட்டம் அந்த டெமோவைத் தூசு தட்டி, மெருகேற்றிப் போடுவதுதான். பிறகு அதை ஒரே பாட்டாக விடாமல் முழு ஆல்பமாக விரிக்க முடிவு செய்தார்கள். இந்த ஆல்பத்தின் ஆகப் பெரிய முடிவு இது. ஏனென்றால் இருபது நிமிட டெமோவுக்கு முன்னும் பின்னும் பாட்டுகளை ஒட்டி அவர்கள் ஆல்பம் செய்யவில்லை. டெமோவையே உடைத்தார்கள். அதிலிருந்த மெட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்து, கதை முழுக்க விதைத்தார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிக்கலஸ் என்பவனுக்கு ஒரு பெண் திரும்பத் திரும்பக் கனவில் வருகிறாள். ஹிப்னாஸிஸ் செய்பவரிடம் போகிறான். அவள் பெயர் விக்டோரியா, 1928-ல் கொலையானவள், போன பிறவியில் அந்தப் பெண் தானேதான் என்று தெரியவருகிறது. அவளைச் சுற்றி இரண்டு சகோதரர்கள்: சூதிலும் குடியிலும் விழுந்த காதலன் ஜூலியன், அரசியல்வாதியான எட்வர்ட். ஜூலியன் அவளைக் கொன்று தானும் இறந்தான் என்பது அன்றைய பத்திரிகைச் செய்தி. உண்மை வேறு: இருவரையும் கொன்றுவிட்டுச் சாட்சியாக நின்றவன் எட்வர்ட். 1992-ன் பாட்டில் வந்த ‘அதிசயமும் உறங்குபவனும்’ யார் என்ற புதிருக்கும் இங்கேதான் விடை. எட்வர்ட் அதிசயம், ஜூலியன் உறங்குபவன்.

மறுபிறவியும் மறைந்த கொலையும் நம் சினிமாவில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவை. அதனாலோ என்னவோ, தமிழ்க் காதுக்கு இந்தக் கதை அதிர்ச்சி தருவதில்லை. முதல் முறை கேட்கும்போதே கதை பிடிபட்டுவிடும், கவனம் நேராக இசைக்குப் போய்விடும். அது நல்லதுதான், ஏனென்றால் இந்தக் கதையை உண்மையில் சொல்வது இசை.

எப்படி என்று ஒரு எடுத்துக்காட்டு. ஆல்பம் கடிகாரச் சத்தத்தோடு தொடங்குகிறது. ஹிப்னாஸிஸ் செய்பவரின் குரல் நிக்கலஸை உறக்கத்துக்குள் இறக்குகிறது. அப்புறம் ஒரு தனி அக்கூஸ்டிக் கிட்டார், மிக எளிய ஒரு மெட்டு, இரண்டே நிமிடம். அந்த மெட்டை நாம் மறந்துவிடுகிறோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, ‘தி ஸ்பிரிட் கேரீஸ் ஆன்’ என்ற பாட்டின் நடுவில், அதே மெட்டு திரும்பி வருகிறது. இப்போது நிக்கலஸ் சாவைப் பற்றிய பயத்திலிருந்து விடுபட்ட மனிதன். மெட்டில் மாற்றம் இல்லை, அதைப் பாடுகிறவன் மாறிவிட்டான். இது வெறும் ஞாபகப்படுத்தல் என்று நான் நினைக்கவில்லை. ‘ஒரு நினைவிலிருந்து சில காட்சிகள்’ என்ற தலைப்புக்கு இதைவிடச் சரியான உருவம் இருக்க முடியாது. கேட்பவர் மனத்திலும் ஒரு நினைவைப் புதைத்து வைத்து, பிறகு தோண்டி எடுக்கிறார்கள்.

இதுபோல எத்தனையோ. ‘ஓவர்ச்சர் 1928’ என்ற மூன்றரை நிமிட வாத்திய இசையில் பின்னால் வரப்போகிற மெட்டுகள் அணிவகுத்துப் போகும், அடுத்த பாட்டின் பல்லவி உட்பட. சிதார் போன்ற ஒலியும் கனத்த கிட்டாரும் சேர்ந்து நடக்கும் ‘ஹோம்’ பாட்டுக்குள் 1992-ன் முதல் பாகம் எட்டிப் பார்க்கும். ‘ஒன் லாஸ்ட் டைம்’ பாட்டில் வந்த மெட்டு, கொலை நடந்து முடிந்த பின் ‘ஃபைனலி ஃப்ரீ’யில் வேறு கனத்தோடு திரும்பும்.

‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’யைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு நிமிட வாத்திய இசை. தாளக் கணக்கு நூறு முறைக்கு மேல் மாறுகிறது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள், முதல் நிமிடம் முடிவதற்குள் கை தவறும். நடுவில் எல்லாம் நின்று, ரூடஸ் பழைய அமெரிக்க ராக்டைம் பியானோவைத் துள்ளலாக வாசிக்கிறார். பிறகு மியங்கின் பேஸ் தனியாக ஓடுகிறது. இதை வெறும் வித்தை காட்டல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தலைப்பைப் பாருங்கள். முதல் பாகத்துப் பாட்டு முடிகிற சொற்கள் அவை. உள்ளே ஓடும் மெட்டுகளில் பலவும் அந்தப் பாட்டிலிருந்து எடுத்துச் சிதைத்துக் கோத்தவை. மயக்கத்தில் இருக்கிற ஒருவனின் மூளைக்குள் பழைய நினைவு சுழல்வதை வாத்தியத்தில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

வரிகளை நால்வர் பங்கிட்டு எழுதினார்கள். பெட்ருச்சியும் போர்ட்னாயும் பெரும்பகுதி, மியங் ‘ஃபேட்டல் டிராஜடி’, பாடகர் ஜேம்ஸ் லப்ரீ ‘ஒன் லாஸ்ட் டைம்’. ஒரே கதையை நான்கு பேர் எழுதினால் தையல் தெரிய வேண்டும். பெரும்பாலும் தெரியவில்லை. எல்லாப் பாத்திரங்களின் குரலும் லப்ரீயின் தொண்டையிலிருந்தே வர வேண்டியிருந்தது. நிக்கலஸ், ஜூலியன், எட்வர்ட், சில இடங்களில் விக்டோரியாவும். இங்கே எனக்குக் கொஞ்சம் குறை உண்டு. வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காவிட்டால், யார் பேசுகிறார்கள் என்று பல இடங்களில் புரியாது. தெரேசா தாமஸன் என்ற காஸ்பல் (கிறிஸ்தவ பக்தி இசை) பாடகியின் குரல் இரண்டு பாட்டுகளில் வந்து அந்த வறட்சியைப் போக்குகிறது. அவர் இன்னும் அதிகம் பாடியிருக்கலாம். ‘பியாண்ட் திஸ் லைஃப்’ பாட்டின் நடு வாத்தியப் பகுதியும் கதைக்குத் தேவையானதைவிட நீளம்.

பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் மிக்ஸிங் வேலைக்கு முதலில் டேவிட் பாட்ரிலை அழைத்தார்கள். டூல் பேண்டுடன் வேலை செய்து பெயர் வாங்கியவர். முடிவு பேண்டுக்குத் திருப்தியாக இல்லை. சில பாட்டுகளுக்கு மட்டும் அவர் மிக்ஸை வைத்துக்கொண்டு, மீதியை மறுபடி செய்யக் கூப்பிட்டது யாரைத் தெரியுமா? முந்தைய ஆல்பத்தைத் தயாரித்த அதே கெவின் ஷெர்லியை. அவர்களுக்கு இருந்த கோபம் ஆட்கள் மேல் இல்லை, முடிவெடுக்கும் உரிமை மேல்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

வந்த வரவேற்பு

1999-ல் அமெரிக்க மெட்டலில் கொடிகட்டிப் பறந்தது கார்ன், லிம்ப் பிஸ்கிட் வகை நூ மெட்டல். கிட்டார் தனி வாசிப்பே பழசாகிப்போன காலம் அது. அந்த நேரத்தில் இரண்டு அங்கம், ஒன்பது காட்சி, பன்னிரண்டு பாட்டு கொண்ட மறுபிறவிக் கதை. ரேடியோவுக்குப் பிய்த்துக் கொடுக்க ஏற்ற பாட்டு என்று பார்த்தால் மெதுவான ‘த்ரூ ஹர் ஐஸ்’ ஒன்றுதான் தேறும்.

பில்போர்டு 200 வரிசையில் அது தொட்ட உச்சம் 73. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் தோல்வி. ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ 61 வரை போயிருந்தது, 1994-ன் ‘அவேக்’ 32, எல்லோரும் குறை சொன்ன ‘ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி’கூட 52. ஆக, நிறுவனம் கைவைத்த ஆல்பம் மேலே நிற்கிறது, சுதந்திரமாகச் செய்த ஆல்பம் கீழே கிடக்கிறது. அன்று அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர், நாம் சொன்னது சரிதானே என்று நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அடுத்தடுத்த ஆல்பங்களைப் பாருங்கள். 2002-ல் 46, 2003-ல் கொஞ்சம் இறங்கி 53, பிறகு 2005-ல் 36, 2007-ல் 19, 2009-ல் 6. ஒரு ஹிட் பாட்டும் இல்லாமல் ஏறிய ஏற்றம் இது. 1992-ல் ரேடியோ கேட்டு வந்தவர்கள் ஒரு பாட்டுக்காக வந்தார்கள், பலர் போய்விட்டார்கள். 1999-க்குப் பிறகு வந்தவர்கள் 77 நிமிடத்தையும் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவர்கள். அப்படி வந்தவர் சுலபத்தில் போக மாட்டார், இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு வருவார். இந்த ஏற்றத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஓயாத உலகச் சுற்றுப்பயணம் அதில் முக்கியமானது. ஆனாலும் அஸ்திவாரம் இந்த ஆல்பம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2012-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை தன் வாசகர்களிடம் பிடித்த ப்ராக் ராக் (ப்ராக்ரஸிவ் ராக்) ஆல்பத்தைக் கேட்டபோது முதலிடத்தில் வந்தது இது. பிங்க் ஃப்ளாய்டும் ரஷ்ஷும் யெஸ்ஸும் நின்ற வரிசை அது.

மேடையில் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே வாசித்தார்கள். 2000 ஆகஸ்ட் 30 அன்று நியூயார்க்கின் ரோஸ்லண்ட் பால்ரூமில் நடிகர்கள், காஸ்பல் கோரஸ் எல்லாம் சேர்ந்து நடந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். அதன் மூன்று சிடி தொகுப்பு கடைக்கு வந்த நாள் 2001 செப்டம்பர் 11. அட்டையில் நியூயார்க் நகரத்தின் உச்சிகள், இரட்டைக் கோபுரம் உட்பட, தீயின் நடுவே. பல மாதங்களுக்கு முன்பே வரைந்த படம். அன்றே திரும்பப் பெற்று, பிறகு வேறு அட்டையோடு வெளியிட்டார்கள்.

அந்த நிகழ்ச்சியின் வீடியோ, ஆல்பத்தின் கடைசி முடிச்சையும் அவிழ்த்துவிட்டது. ஆல்பத்தின் இறுதியில் நிக்கலஸ் வீட்டுக்கு வருகிறான், இசைத்தட்டு ஓடுகிறது, பின்னாலேயே யாரோ வருகிறார்கள். 1928-ல் எட்வர்ட் சுடுவதற்கு முன் விக்டோரியாவிடம் சொன்ன அதே கட்டளை, இப்போது நிக்கலஸிடம்: கண்ணைத் திற. ஊசி தட்டில் உரசும் கரகரப்போடு எல்லாம் முடிகிறது. ஹிப்னாஸிஸ் செய்தவர்தான் எட்வர்டின் மறுபிறவி என்று வீடியோ வெளிப்படையாகக் காட்டுகிறது. காட்டாமல் விட்டிருக்கலாம். கரகரப்பிலேயே எல்லாம் இருக்கிறது. அந்தக் கரகரப்பை அவர்கள் அங்கேயே விடவும் இல்லை, 2002-ல் வந்த அடுத்த ஆல்பம் தொடங்குவதே அந்தச் சத்தத்தில்தான்.

இருபது வருடம் கழித்து மறுபடி முழு ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு உலகம் சுற்றினார்கள். 2020 பிப்ரவரியில் லண்டன் ஹாமர்ஸ்மித் அப்போலோவில் பதிவானது ‘டிஸ்டன்ட் மெமரீஸ்’ என்ற பெயரில் வந்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் மைக் மங்கினி. போர்ட்னாய் 2010-ல் விலகியிருந்தார். ‘ஃபைனலி ஃப்ரீ’ முடியும்போது பேண்ட் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசிக்க, டிரம்ஸ் மட்டும் கட்டுமீறி ஓடும் அந்த இடத்தைப் போர்ட்னாய் இல்லாமல் கேட்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது. 2023-ல் அவர் திரும்பி வந்துவிட்டார்.

அந்த 1996 டெமோவும் வெளிச்சத்துக்கு வந்தது. 2007-ல் போர்ட்னாய் நடத்திய யிட்ஸிஜாம் ரெக்கார்ட்ஸ், ‘ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி’ காலத்து டெமோக்களைத் தொகுத்து வெளியிட்டது. மறுக்கப்பட்ட இருபது நிமிடத்தை யார் வேண்டுமானாலும் இப்போது கேட்கலாம். 1999 ஆல்பத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு அது விசித்திரமான அனுபவம். ‘ஓவர்ச்சர்’ இருக்கிறது, ‘ஹோம்’ பாட்டின் சாயல் இருக்கிறது, தெரிந்த மெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, தெரியாத வரிசையில் வருகின்றன. ஷெரினியனின் கீபோர்டு நன்றாகவே இருக்கிறது. வாசிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. 1997-ல் நிறுவனம் சரி என்று சொல்லியிருந்தால், ஒரு இரட்டை ஆல்பத்தின் ஒரு மூலையில் இது இப்படியே வந்திருக்கும், ரசிகர்களின் கடனும் அத்தோடு தீர்ந்திருக்கும். அந்த இருபது நிமிடத்தில் பாடகர் வாயே திறக்கவில்லை. கடிகாரம் இல்லை, கனவு இல்லை, 1928 இல்லை. விக்டோரியா இன்னும் பிறக்கவே இல்லை.